குறிப் பந்தயத்தில் சுழல் துப்பாக்கி

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருவழிச் சாலைக்கும் துப்பாக்கிக்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு. பரங்கிமலை ஒரு காலத்தில் சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவுக்குத் தலைமையிடம். 1963-ல் அங்கே ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி வந்தது. 1988 முதல் அது பயிற்சிக் கழகம் என்று பெயர் பெற்றது. அடுத்தது பல்லாவரம் பாசறை. அதற்கப்பால் தாம்பரத்தில் விமானப்படைத் தளம். வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல்துறை உயர் பயிற்சியகம். இன்னும் தெற்கே போனால் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து அனுமந்தபுரத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல் இருக்கிறது. செங்கற்பட்டு மாவட்டத்து ஒத்திவாக்கத்தில் காவல்துறைக் கமாண்டோ பள்ளியின் சுடுதளமும் உண்டு. 2023 ஜூன் மாதத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து பெண் காவலர்கள் ஒத்திவாக்கத்தில் கூடி, குறிபார்த்துச் சுடும் போட்டியில் கலந்துகொண்டார்கள்.

இந்தக் காவல்துறைப் போட்டிகளின் நிரலைப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். நீண்ட துப்பாக்கிக்கு ஒரு பிரிவு, கார்பைனுக்கு ஒரு பிரிவு. கைத்துப்பாக்கி என்று வரும்போது மட்டும் ‘பிஸ்டல் அல்லது ரிவால்வர்’ என்று இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடுவார்கள். இரண்டும் ஒரு கையில் அடங்குவதாலும், இரண்டுக்கும் தூரம் ஒன்றே ஆவதாலும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியோடு ஒருவரும், தானியங்கிப் பிஸ்டலோடு இன்னொருவரும் அருகருகே நின்று சுட்டால் பந்தயம் சமமானதா? ‘சுழல் துப்பாக்கியில் குறி சரியாக இருக்காது’ என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அது உண்மைதானா என்பதை வரலாற்றையும் கொஞ்சம் கணக்கையும் துணைக்கொண்டு பார்ப்போம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். சென்னையின் தென்பகுதி மக்களுக்கு ரிவால்வர் என்றதும் நினைவுக்கு வருவது பந்தயம் அல்ல. 1967 ஜனவரி 12-ல் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட நிகழ்ச்சிதான். அது சில அடி தூரத்தில் நடந்தது. இங்கே நாம் பேசப்போவது 25 மீட்டரில், காகித அட்டைமேல், ஒற்றைக் கையால் சுடுவதைப் பற்றி. இரண்டுக்கும் கருவியின் பெயர் மட்டுமே பொது.

ஆறு அறைகள், ஒரு குழல்

தானியங்கிப் பிஸ்டலில் குண்டு வைத்த அறையும் குழலும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு தோட்டா வெடித்ததும் அதன் உதைப்பு விசையே வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றி, அடுத்த சுடுதலுக்கு ஆயத்தமாக்கிவிடும். சுடுபவர் விரலை மட்டும் அசைத்தால் போதும்.

சுழல் துப்பாக்கி வேறு விதம். குழலுக்குப் பின்னால் ஓர் உருளை. அந்த உருளையில் வட்டமாகத் துளைத்த ஆறு அறைகள். ஒவ்வொரு முறையும் உருளை ஆறில் ஒரு பங்கு சுற்றி, புதிய அறை ஒன்றைக் குழலின் நேருக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. 1836-ல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் காப்புரிமை பெற்றது இந்த ஏற்பாட்டுக்குத்தான். 1857-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியார் உலோகக் கூடுள்ள தோட்டாவைப் போட்டுச் சுடும் சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

உருளையைச் சுற்றும் வேலையை யார் செய்வது? இரண்டு வழி உண்டு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னிழுத்து நிறுத்தலாம். அப்போது உருளை சுற்றிக்கொள்ளும், பிறகு விசையை மெல்லத் தொட்டால் போதும். அல்லது விசையையே நீளமாக, அழுத்தமாக இழுக்கலாம். அந்த ஒரே இழுப்பு உருளையைச் சுற்றி, குதிரையைத் தூக்கி, விழவும் வைக்கும். முதல் வழியில் விரலுக்கு வேலை குறைவு, நேரம் அதிகம். இரண்டாவது வழியில் நேரம் மிச்சம், ஆனால் பளு பல மடங்கு. பந்தயத்தில் சுழல் துப்பாக்கியின் தலையெழுத்தை நிர்ணயித்தது இந்த இரண்டு வழிகளுக்கு இடையேயுள்ள இழுபறிதான். குழலின் தரமோ குண்டின் தரமோ அன்று.

ஏதென்ஸில் இரண்டு சகோதரர்கள்

சுழல் துப்பாக்கி பந்தயத்தில் தலைநிமிர்ந்து நின்ற நாள் ஒன்று இருந்தது. 1896-ல் ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் போட்டிகள் நடந்தபோது, பாஸ்டன் நகரிலிருந்து ஜான் பெயின் என்பவர் புறப்பட்டார். வழியில் பாரிஸில் இறங்கி, அங்கிருந்த தம் சகோதரர் சம்னர் பெயினையும் உடன் அழைத்துக்கொண்டார். ஏதென்ஸில் என்னென்ன போட்டி, என்னென்ன விதி என்று இருவருக்கும் சரிவரத் தெரியாது. ஆகவே பல வகைக் கைத்துப்பாக்கிகளையும் 3,500 தோட்டாக்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்! சுட்டது மொத்தம் 96 தோட்டா மட்டுமே.

25 மீட்டர் ராணுவக் கைத்துப்பாக்கிப் போட்டியில் இருவரும் கோல்ட் சுழல் துப்பாக்கிகளை எடுத்தார்கள். ஆறு ஆறாக ஐந்து சுற்று, மொத்தம் 30 குண்டு. ஜான் 442 புள்ளி, சம்னர் 380 புள்ளி. மூன்றாவதாக வந்த கிரேக்கர் எடுத்தது 205. இவ்வளவு பெரிய இடைவெளியைக் கண்டு அவர்களுக்கே கூச்சமாகிவிட்டது போலும். முதல் போட்டியில் வென்றவர் அடுத்ததில் கலந்துகொள்வதில்லை என்று தங்களுக்குள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். அதன்படி 30 மீட்டர் போட்டியில் ஜான் ஒதுங்கிக்கொள்ள, சம்னர் வென்றார். அவருடைய புள்ளியும் 442 தான்! விரைவுச் சுடுதல் போட்டியில் மட்டும் அவர்களுடைய .22 துப்பாக்கி வழக்கமான அளவினதன்று என்று சொல்லி இருவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆறு குண்டுக்கு ஒரு சுற்று என்ற கணக்கைக் கவனியுங்கள். உருளையில் ஆறு அறை இருப்பதால் எழுந்த கணக்கு அது என்று கொள்வதில் தவறில்லை. இன்றைய சர்வதேசப் போட்டிகளில் ஒரு சுற்றுக்கு ஐந்து குண்டு. கணக்கு மாறியது போலவே கருவியும் மாறியது.

ஏனென்றால் 1893-ல் போர்ஷார்ட், 1896-ல் மௌசர் என்று தானியங்கிப் பிஸ்டல்கள் ஐரோப்பாவில் வரத் தொடங்கியிருந்தன. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் விரைவுச் சுடுதலில் ஜெர்மானியர் கோர்னேலியுஸ் ஃபான் ஓயன் வென்ற காலத்தில் அந்தப் போட்டி தானியங்கிகளுக்கே உரியதாகிவிட்டது. வலக்கை எறிகுண்டால் சிதைந்தபின் இடக்கையால் பழகி 1948-லும் 1952-லும் தங்கம் வென்ற ஹங்கேரியர் கரோய் தக்காச் கலந்துகொண்டதும் இதே போட்டிதான். அதில் ஐந்து இலக்குகள் ஒரே வரிசையில் நிற்கும். ஐந்தையும் 8 விநாடியில், பிறகு 6 விநாடியில், இறுதியாக 4 விநாடியில் சுட்டுமுடிக்க வேண்டும். 4 விநாடிக்குள் துப்பாக்கியை உயர்த்தி, ஐந்து இலக்குக்கும் கையை நகர்த்தி, நடுவில் நான்கு முறை கட்டைவிரலால் குதிரையை வேறு இழுப்பதென்றால் மனிதக் கைக்கு ஆகிற காரியமா? நம் நாட்டு விஜய்குமார் 2012-ல் லண்டனில் வெள்ளிப் பதக்கம் பெற்ற போட்டி இதுவே.

எட் மெக்கிவர்ன் என்ற அமெரிக்கரை நினைத்துக்கொண்டு சில வாசகர்கள் மறுக்கக்கூடும். 1932-ல் அவர் சுழல் துப்பாக்கியால் ஐந்து குண்டுகளை 0.45 விநாடியில் சுட்டுக் காட்டினார். மெய்தான். ஆனால் அவர் சுட்டது சில அடி தூரத்தில். 25 மீட்டரில் அந்த வித்தை செல்லாது.

மூன்று விநாடி, ஏழு விநாடி

சுழல் துப்பாக்கிக்கு இடம் தந்த சர்வதேசப் போட்டி வேறொன்று: 25 மீட்டர் ‘சென்டர் ஃபயர்’ பிஸ்டல். தோட்டாவின் அடிப்பாகத்து நடுவில் தீமுனை உள்ள பெரிய தோட்டாக்களைச் சுடுவதால் இந்தப் பெயர். மொத்தம் 60 குண்டு. முதல் 30-ஐ நிதானமாகச் சுடலாம். ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம். அடுத்த 30-ல்தான் பரபரப்பு. இலக்கு மூன்று விநாடி மட்டும் காட்சி தரும். பிறகு ஏழு விநாடி மறைந்துவிடும். காட்சி தரும் மூன்று விநாடியில் ஒரு குண்டு. கை கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். இலக்கு தோன்றியபின்தான் உயர்த்தலாம்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையே ஏழு விநாடி சும்மா கிடைக்கிறது. அந்த நேரத்தில் குதிரையைப் பின்னிழுத்து நிறுத்தி, பிடியைச் சரிசெய்து, கையைத் தாழ்த்திக் காத்திருக்கலாம். தானியங்கி தன் வேலையைச் செய்ய எடுத்துக்கொள்வது ஒரு விநாடியில் சிறு பங்கு. சுழல் துப்பாக்கிக்காரர் எடுத்துக்கொள்வது ஒரு விநாடியோ இரண்டோ. ஏழில் இரண்டு போனால் என்ன? ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஒரே 25 மீட்டர் மைதானத்தில், ஒரு விதியின்கீழ் சுழல் துப்பாக்கிக்கு இடமே இல்லை. இன்னொரு விதியின்கீழ் அது தாராளமாக நிற்கலாம்.

இந்தப் போட்டியின் அளவு விதிகளைப் படிக்கும்போது எனக்குப் பழைய சுழல் துப்பாக்கி ஒன்று கண்முன் வருகிறது. குண்டின் விட்டம் 7.62 மி.மீ.க்கும் 9.65 மி.மீ.க்கும் இடையே இருக்கலாம். 9.65 மி.மீ. என்பது அங்குலத்தில் சரியாக .38. குழலின் நீளம் 153 மி.மீ.க்கு மேற்படக் கூடாது. ஆறு அங்குலம் என்பது 152.4 மி.மீ. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1947-ல் வெளியிட்ட கே-38 என்ற பந்தயச் சுழல் துப்பாக்கிக்கு .38 தோட்டா, ஆறங்குலக் குழல். விதி அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருக்கிறது! எடை 1,400 கிராமுக்குள்; விசையின் பளு 1,000 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் சொந்தப் பந்தயமுறையில் ஏழு விநாடிச் சலுகை கிடையாது. அங்கே ஐந்து குண்டுக்கு 20 விநாடி, பிறகு ஐந்து குண்டுக்கு 10 விநாடி. இரண்டு விநாடிக்கு ஒன்று! ஆனாலும் இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை அமெரிக்கப் போலீஸ்காரர்கள் கட்டைவிரல் பழக்கத்தாலேயே இதைச் சமாளித்தார்கள். டெட்ராய்ட் நகரக் காவல்துறையைச் சேர்ந்த ஹாரி ரீவ்ஸ் ஆறு முறை தேசிய வாகை சூடியவர். காம்ப் பெர்ரி என்ற இடத்தில் நடக்கும் சுழல் துப்பாக்கிப் போட்டி ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பிஸ்டலோடு மோதவிடாமல் அதற்கென்று தனிப் போட்டி வைத்துவிட்டார்கள் என்பதே அமெரிக்கர் கண்ட தீர்வு.

கால் மில்லிமீட்டர் கணக்கு

இப்போது குறியின் நுட்பத்துக்கு வருவோம். நிதானச் சுடுதலுக்குரிய அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. அதாவது நடுப்புள்ளியிலிருந்து 25 மி.மீ. தள்ளிப்போனால் பத்து கைநழுவும். 25 மீட்டருக்கு 25 மி.மீ. என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு கோணம்.

துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே விதிப்படி அதிகபட்சம் 220 மி.மீ. இருக்கலாம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 0.22 மி.மீ. முன்குறி, பின்குறியின் பள்ளத்தில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத அளவு சாய்ந்து நின்றால் பத்து ஒன்பதாகிவிடும். குறிகளுக்கு இடையே 150 மி.மீ. மட்டுமே உள்ள குட்டைத் துப்பாக்கியில் அந்தச் சலுகை 0.15 மி.மீ. ஆகக் குறைகிறது. ஆகவே குட்டைக் குழல் துப்பாக்கி ‘குறி தவறும்’ என்று சொல்வது சரியன்று. குண்டு போகவேண்டிய இடத்துக்கே போகிறது. நம் கண்ணின் பிழையைத்தான் அது பெரிதாக்கிக் காட்டுகிறது. (விரைவுச் சுற்றுக்குரிய அட்டையில் பத்து வட்டம் 100 மி.மீ. என்பதால் அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம்.)

சுழல் துப்பாக்கிக்கே உரிய குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. முதலாவது, ஆறு அறை என்றால் உண்மையில் ஆறு துப்பாக்கி. ஒவ்வோர் அறையும் குழலின் நேருக்கு அணுவும் பிசகாமல் வந்து நிற்க வேண்டும். தேர்ந்த தொழிலாளி செய்ததிலும் ஏதேனும் ஓர் அறை மற்றவற்றைவிட மயிரிழை விலகியிருக்கலாம்; அந்த அறையின் குண்டு எப்போதும் ஒரே பக்கமாக ஒதுங்கி விழும். ஆனால் சுற்றுக்கு ஐந்து குண்டுதானே? அறைகளுக்கு அடையாளமிட்டு, ஒவ்வோர் அறையையும் தனித்தனி அட்டையில் சோதித்து, மோசமான அறையைக் காலியாக விட்டுவிட்டு ஐந்தில் மட்டும் தோட்டா போட்டால் அந்தக் குறை பாதி தீர்ந்தது. காவல்துறைப் போட்டிக்குத் தங்கள் பணித் துப்பாக்கியோடு ஆயத்தமாகிறவர்கள் ஒரு மாலைப்பொழுதை இதற்குச் செலவிட்டால் வீண்போகாது.

இரண்டாவது, உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள சந்து. உருளை சுழல வேண்டுமானால் சந்து இருந்தே தீர வேண்டும். வெடிக்கும்போது அதன் வழியே சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். இந்தச் சந்தை அடைத்துக் காட்டியது 1895-ல் ரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட நாகன் சுழல் துப்பாக்கி. குதிரையை இழுக்கும்போது உருளை சுற்றுவதோடு நில்லாமல் முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். நீண்ட தோட்டாக் கூட்டின் வாய் குழலுக்குள் நுழைந்து சந்தை மூடிவிடும். 1960-களில் சோவியத் நாட்டின் துலா தொழிற்சாலைக்காக ஹைதூரொவ் என்ற வடிவமைப்பாளர் இதே முறையைக் கொண்டு டோஸ்-36 என்ற பந்தயத் துப்பாக்கியை உருவாக்கினார். உலகமே தானியங்கிக்கு மாறிய காலத்தில், அதுவும் சென்டர் ஃபயர் போட்டிக்கென்றே, ஒரு வல்லரசு சுழல் துப்பாக்கியைப் புதிதாகச் செய்தது என்றால் அதில் காரணம் இல்லாமல் இருக்குமா? ஏழு விநாடி என்ற விதியை அவர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள்.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குதிரையை இழுக்கக் கட்டைவிரல் பிடியை விட்டு எழ வேண்டும். எழுந்து திரும்பும்போது உள்ளங்கையில் துப்பாக்கி உட்காரும் இடம் கடுகளவு மாறும். கால் மில்லிமீட்டர் கணக்கில் கடுகளவு என்பது மலையளவு. தானியங்கியில் முதல் குண்டுக்குப் பிடித்த பிடி ஐந்தாவது குண்டு வரை மாறுவதில்லை. அதோடு சுழல் துப்பாக்கியின் குழல் கைக்கு மேலே உயரத்தில் இருப்பதால் உதைப்பு முனையை மேல்நோக்கித் தூக்குகிறது. இத்தாலியில் எமிலியோ கிசோனி என்பவர் இதற்காகவே கீழ் அறையிலிருந்து சுடும் சுழல் துப்பாக்கியைச் செய்து பார்த்தார். புத்திசாலித்தனமான வேலைதான், ஆனால் பந்தயத் திடல்களில் அது நிலைக்கவில்லை.

ஆக, நல்ல சுழல் துப்பாக்கி நல்ல பிஸ்டலுக்கு நேர்மையில் இளைத்ததன்று. தோற்றது கட்டைவிரல்தான்.

கருவி போயிற்று, தோட்டா நின்றது

இந்த வரலாற்றில் மிகச் சுவையான பகுதி இனிமேல்தான். சுழல் துப்பாக்கியை மேடையிலிருந்து இறக்கிய தானியங்கிகள் எந்தத் தோட்டாவைச் சுடுகின்றன தெரியுமா? .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். இது 1896-ல் அந்தக் கம்பெனி தன் புதிய சுழல் துப்பாக்கிக்காகச் செய்த தோட்டா. பெயின் சகோதரர்கள் ஏதென்ஸில் சுட்ட அதே ஆண்டு!

இந்தத் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. சுழல் துப்பாக்கி அறையில் நழுவி விழாமல் தாங்குவதற்கு அந்த விளிம்பு தேவை. தானியங்கியின் தோட்டாப் பெட்டிக்கோ அது வேண்டாத விருந்தாளி. ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் மாட்டி இடக்குச் செய்யும். அப்படியிருந்தும் ஜெர்மனியின் வால்ட்டர், இத்தாலியின் பார்தினி முதலான கம்பெனிகள் சிரமப்பட்டு இதற்கேற்பவே பிஸ்டல்களைச் செய்தன.

காரணம் உதைப்பு. குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள். .32 பந்தயத் தோட்டாவின் குண்டு சுமார் 6.4 கிராம், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 230 மீட்டர். 1,200 கிராம் துப்பாக்கியை அது விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளும். .38 பந்தயத் தோட்டாவின் குண்டு 9.6 கிராம், அதே வேகத்தில் போனால் பின்னுதைப்பு 1.8 மீட்டர். ஒன்றரை மடங்கு! மூன்று விநாடிப் பந்தயத்தில் 30 முறை வாங்கிக்கொள்ள வேண்டிய உதை அது. விதி அனுமதிப்பதில் மென்மையான, நம்பத்தக்க தோட்டாவைத் தேடியபோது எல்லோரும் வந்து சேர்ந்த இடம் இந்தக் கிழத் தோட்டா.

பந்தயக் குண்டின் முகம் கூம்பாக இராது. வெட்டிவிட்டாற்போல் தட்டையாக, கூட்டின் வாயோடு சமமாக இருக்கும். அது அட்டையைக் கிழிக்காமல் காகிதத் துளைப்பான்போல் வட்டமாக வெட்டிச் செல்லும். துளையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி என்பதால் இந்தச் சுத்தம் முக்கியம்.

நம் நாட்டில்

இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951-ல் தோன்றியது. அதன் கர்த்தா மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர். பிற்காலத்தில் சென்டர் ஃபயர் போட்டியில் நம்மவர்கள் நன்றாகவே பெயர் வாங்கினார்கள். அசோக் பண்டிட் 1990-ல் ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் தங்கம். ஜஸ்பால் ராணா 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம். 2006-ல் தோகாவில் 600-க்கு 590 எடுத்து அப்போதைய உலக சாதனையைச் சமன் செய்தார். 2010-ல் டில்லியில் ஹர்ப்ரீத் சிங் தங்கமும் விஜய்குமார் வெள்ளியும் பெற்றார்கள். இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் இல்லை. ஆனால் பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டி, .22 தோட்டாவோடு, இதே மூன்று விநாடி, ஏழு விநாடி முறையில் 1984 முதல் ஒலிம்பிக்கில் நடந்துவருகிறது. 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் பெற்ற மனு பாக்கர் இந்தப் போட்டியில் நான்காவதாக வந்தார். அவருடைய பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவேதான்.

இவ்வளவு பதக்கம் வந்தும், தாம்பரத்திலோ செங்கற்பட்டிலோ உரிமம் பெற்ற ரிவால்வர் வைத்திருக்கும் ஒருவர் அதைக்கொண்டு இந்தப் போட்டியில் இறங்க முடிவதில்லை. சர்வதேச விதி சுழல் துப்பாக்கியைத் தடுக்கவில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது.

நம் ஆயுத விதிகள் .380, .455 ஆகிய விளிம்புள்ள தோட்டாக்களையும் ராணுவத்தின் 9 மி.மீ. தோட்டாவையும் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகளைக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வைத்துள்ளன. படையும் போலீஸும் சுடும் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பது பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரும் சிந்தனை. அதன் விளைவாகச் சாமானியருக்குக் கிடைப்பது .32. அதிலும் ஒரு குழப்பம் உண்டு: .32 பிஸ்டல் என்று நம் நாட்டில் விற்பது பிரவுனிங் வகைக் குட்டைத் தோட்டாவைச் சுடுவது; .32 ரிவால்வர் சுடுவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். எண் ஒன்றானாலும் தோட்டா வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் போடுவது ஆபத்து.

கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் பழைய வெப்லி மாதிரியைத் தழுவியது. நடுவில் மடித்தால் ஆறு அறையும் ஒருங்கே திறந்து கண்ணில் படும். தோட்டா உள்ளே இருக்கிறதா என்ற ஐயத்துக்கே இடமில்லை. சுடுதளத்தில் இது பெரிய பாதுகாப்பு. இந்த ஒரு விஷயத்தில் பிஸ்டல் இதன் அருகே வர முடியாது. உலக வாகையர் சுடும் அதே வகைத் தோட்டாவை இதுவும் சுடுகிறது. ஆனால் குழல் 76 மி.மீ. மட்டுமே! விதி அனுமதிப்பதில் சரிபாதி. தற்காப்புக்கென்று செய்ததால் குறிகளைத் திருகிச் சரிசெய்யவும் வழியில்லை. முன்பு போட்ட கணக்கின்படி, இதை ஏந்திய கை எவ்வளவு தேர்ந்ததாயினும் கண்ணின் பிழை பெரிதாகித்தான் அட்டையில் விழும்.

பந்தயப் பிஸ்டல்கள் வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றை வாங்கும் சலுகையை அரசு பெயர் பெற்ற விளையாட்டு வீரர்களுக்குத் தருகிறது. பெயர் பெறுவதற்குமுன் எதைக்கொண்டு சுட்டுப் பழகுவது என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை. சங்கத்துத் துப்பாக்கியை வரிசையில் நின்று வாங்கிச் சுடுவதே பெரும்பாலோர் செய்வது. ஆறங்குலக் குழலும் திருகிச் சரிசெய்யும் பின்குறியும் பொருத்தி ஒரு .32 சுழல் துப்பாக்கியைக் கான்பூர் செய்திருந்தால், நிதானச் சுற்றிலும் மூன்று விநாடிச் சுற்றிலும் பழகுவதற்கு அது தாராளமாகப் போதும். அதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. தோட்டாவும் நாட்டிலேயே உண்டு. பூனா பக்கத்திலுள்ள கட்கி தொழிற்சாலை .32 ரிவால்வர் தோட்டாக்களை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அவை தற்காப்புக்கானவை, அட்டையைச் சுத்தமாக வெட்டும் தட்டைமுகக் குண்டு வேண்டுமென்றால் நம் வீரர்கள் இன்றும் பின்லாந்தின் லாபுவா போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெட்டிகளைத்தான் தேடிப்போக வேண்டியிருக்கிறது.